நங்கையாவின் இடது கால்

தரையில் ஒரு துண்டை விரித்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி கால் விரல்களாலேயே அதைச் சுருட்டி இழுக்கச் சொன்னார்கள். எங்கள் நங்கையா சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. "இத்தன வயசுக்கு மேல துண்டு இழுக்கற வெளையாட்டுங்களா அம்மணி?" என்று பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் கேட்டார். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து, கிணத்துக்கடவில் அவர் நடத்தும் டிபன் கடையில்தான் நானும் நிற்கிறேன்.

ஸ்கூட்டியிலிருந்து விழுந்து அவருக்கு இடது பாதம் நொறுங்கிவிட்டது. கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு பயிற்சிக்குக் கூட்டிப்போகும் வேலை எனக்கு. நான் சும்மாவே பயப்படுகிற ஆள். பஸ் படியில் வழுக்குமோ, உள்ளே வைத்த ஸ்க்ரூ கழன்றுவிடுமோ என்று நினைத்தே சோறு இறங்காது. அண்ணன் வேறு, "இனி தோசைக்கல்லு முன்னால நிக்க முடியாது. கடைய வேற யாருக்காச்சும் உட்டுப்போடலாம்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். கடைதான் நங்கையாவுக்கு உயிர்.

அந்தப் பெண் ராமநாதபுரம் ஜில்லாக்காரி. பாதத்தை மேலும் கீழும் வளைத்து, "வலிச்சா சொல்லுங்கம்மா" என்பாள். நங்கையா முந்தானையை முறுக்கிக்கொண்டே, "பரவால்லீங்க அம்மணி" என்பார். எங்கள் ஊரில் அதற்கு உயிர் போகிறது என்று அர்த்தம். பாவம், அவள் வலியில்லை என்று நினைத்து வளைப்பதை இன்னும் கூட்டுவாள். திரும்பும்போது பஸ்ஸில், ஏன் வலியைச் சொல்லவில்லை என்று நான் சண்டை போட்டால், "அந்தப் புள்ள வேர்க்க விறுவிறுக்கப் பாடுபடுது. வலிக்குதுன்னு சொன்னா அது மனசு நோகாதா கண்ணு?" என்று என்னையே கேட்பார்.

ஒருநாள் பாதம் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. அந்தப் பெண் பதறிப்போனாள். "நீங்க சொன்னத நம்பித்தானேம்மா கூட்டுனேன். வீங்கிட்டே இருந்தா பயிற்சியை நிறுத்தணும். நிறுத்துனா மூட்டு இறுகிப் போகும். அப்புறம் நின்னு வேலை பார்க்க முடியாது." நங்கையாவின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

வீக்கம் வடிந்து மறுபடி போனோம். அவள் பாதத்தைப் பிடித்து மெல்ல வளைத்தாள். நங்கையா முந்தானையைப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டார். "ஏனுங்க அம்மணி, வலிக்குதுங்க! நிறுத்திப்போடுங்க!" என்று போட்ட சத்தத்தில் ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அந்தப் பெண் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "இப்பதாம்மா எனக்கு வைத்தியம் பண்ணவே வழி தெரியுது" என்றாள். மற்றவர் மனம் கோணாமலே வாழ்ந்த மனுஷிக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டியிருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். பெருமையில் கண் கலங்கிவிட்டது.

இப்போது கடையில் அவர்தான் தோசை ஊற்றுகிறார். போன வாரம் நல்ல கூட்டம். நடுவில் கரண்டியை வைத்துவிட்டு, "கால் வலிக்குதுங்க. செத்த நேரம் உக்காந்துட்டு ஊத்தறேன்" என்றார். தேங்காய் லோடு ஏற்ற வந்தவர், "அப்ப நாங்க பட்டினிங்களா?" என்று வம்புக்கு இழுத்தார்.

"லாரி என்ன உங்கள உட்டுட்டுத் தானாப் போயிருமுங்களா? உக்காருங்க."

கூட்டம் கலைந்துவிடுமோ என்று நான் வழக்கம்போல வாசலையே பார்த்தேன். ஆனால் ஒருவர்கூட எழுந்து போகவில்லை.