வாடை ஏதும் வருதா?

சமையலறைக்குள் நுழைந்ததும் ஜெய்னுதீன் தரையில் படுத்துக் கன்னத்தைச் சிமெண்டில் வைத்துவிடுவார்.

"என்ன பாய், தலகாணி தரட்டா?" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

போர்ட் பிளேரில் வீடு வீடாக எரிவாயு சிலிண்டர் மாட்டுவது அவர் வேலை. "புகை மாதிரி மேல போறதில்ல இது. கீழ எறங்கி மூலையில ஒடுங்கிப் படுத்துக்கிடும். நாமதான் பாக்க முடியாது. அது நம்மளப் பாத்துக்கிட்டே கெடக்கும்" என்பார். பிறகு இணைப்புகளில் சோப்பு நுரை தடவுவார். குமிழி எழாவிட்டால்தான் அடுப்பு. முதல் தீக்குச்சியை அவரே உரசுவார், யாரிடமும் தரமாட்டார்.

"வாடை ஏதும் வருதா?" என்று பரீட்சை வைப்பதுபோல் கேட்பதும் வழக்கம். போன மழைக்காலத்துக் காய்ச்சலில் அவர் மூக்கு செத்துப்போனது மனைவி மெஹருன்னிசாவுக்கு மட்டுமே தெரியும். ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போகும். மெயின்லேண்டுக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

ஐப்பசி அடைமழையில் ஒரு மாலை, புரோத்ராபூரில் விசாலாட்சியின் வீடு. புது சிலிண்டரை மாட்டித் திறந்தார். குழாயின் இரு முனைகளிலும் நுரை அசையவில்லை. சிலிண்டர் ஏற்றிவந்த கப்பல் தாமதமான கதையைக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"கருவாட்டு நாத்தந்தான் பாய்."

"ஆமா, நல்லாவே நாறுது" என்று சிரித்தபடி குச்சியை எடுத்தார். வெளியே மழை இரைந்தது. "இந்த மழையில எங்க தங்கச்சி காயப்போட்ட?"

"காயப்போடலியே. வீட்டுல கருவாடே இல்ல" என்றவள், தான் சொன்னதைத் தானே கேட்டு நின்றாள்.

குச்சி அந்தரத்தில் நின்றது.

"ருக்கோ! நில்லு! எதையும் தொடாத. வெளிய போ!"

சிலிண்டரை மூடிப் பின்கதவைத் திறந்தார். விளக்குமாற்றால் வெறுந்தரையை மூலையிலிருந்து வாசல்வரை, திரும்பத் திரும்பக் கூட்டினார். வெளியேற மறுக்கும் யாரையோ தள்ளிக்கொண்டு போவதுபோல் இருந்தது. மழையில் நின்ற விசாலாட்சிக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு சிலிண்டரை லேசாகத் திறந்து குழாய் முழுக்க நுரை பூசினார். அடுப்பு மேடைக்கடியில், குழாயை எலி கடித்த இடத்தில், ஒரு குமிழி ஓசையின்றி உப்பி உடைந்தது, மறுபடி உப்பியது. அங்கே ஏதோ மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

விசாலாட்சி உள்ளே வந்து, அவர் குழாயை மாற்றுவதைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "பாய், உங்களுக்கு வாடையே தெரியாதா?"

அவர் தரையைக் காட்டி, "மோந்து சொல்லு தங்கச்சி" என்றார்.

அவர் படுத்த இடத்தில் அவள் படுத்துக் கன்னத்தைச் சிமெண்டில் வைத்தாள். நெடுநேரம் இழுத்து மூச்செடுத்தாள்.

"ஒண்ணுமில்ல பாய்."

ஜெய்னுதீன் தீப்பெட்டியை அவள் கையில் வைத்தார்.