திருப்பிக் கொடுத்த பனி

போன வாரம் என் தறிக்கூடத்து ஆபீஸில் கணக்குப் பார்க்கும் பெண், மேசை ஓரத்தில் ஒரு சின்னக் கிறிஸ்துமஸ் குடில் வைத்தாள். அட்டையை மடித்துச் செய்தது. மாதா, சூசையப்பர், பாலன், ரெண்டு ஆடு. மேலே ஒரு பாக்கெட்டைக் கிழித்து வெள்ளையாக என்னத்தையோ தூவினாள். என்னம்மா அது என்று கேட்டேன். பனி மேடம், ஃபேன்ஸி ஸ்டோர்ல வாங்கினேன் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்கிற கூடம் இது. ஒரு எட்டு எடுத்து வைத்தால் காலில் பஞ்சுத்தூசி ஒட்டும். இதற்குள் உட்கார்ந்துகொண்டு பிளாஸ்டிக்கைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாள், பி.காம். படித்தவள். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள், அவளுக்குச் சம்பளம் கொடுப்பவள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது. வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வேன். உங்களிடமும் எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன்.

அந்தப் பனியில் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. மில் பஞ்சுக்கு ஒரு வாசம் உண்டு. பருத்திக்கொட்டையைக் கடித்தால் வரும் எண்ணெய் வாசமும் மிஷின் கிரீஸும் கலந்தது. எங்கள் அப்பா மேலே அந்த வாசம்தான் அடிக்கும். தலைக்குச் சீயக்காய் போட்டுக் குளித்தாலும் போகாது.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பதிலி வேலை பார்த்தார். பதிலி என்றால், நிரந்தரமாக இருக்கிற ஆள் லீவு போட்டால்தான் உள்ளே கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் மில் கேட்டு வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நாங்கள் இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கிருந்து தினமும் சைக்கிள். மலைக்காத்து எதிர்த்து அடித்தால் மிதிக்க முடியாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். நான் எட்டாம் வகுப்புப் படித்த வருசம், எண்பதுகளின் ஆரம்பம், தை பிறந்ததும் பெர்மனென்ட் பண்ணிவிடுகிறோம் என்று மேஸ்திரி அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் அதில் போய்த்தான் முடியும். பெர்மனென்ட் ஆனால் ஓடு மாற்றலாம். பெர்மனென்ட் ஆனால் பாப்பா பத்து முடிக்கலாம். ஆகாவிட்டால்? அதையும் அப்பா ஒளிக்கவில்லை.

“இல்லன்னா நீ தறிக்குத்தான் போணும் பாப்பா. எனக்கு வேற வழி தெரியல.”

நான் சரி என்றேன். எனக்கு அது பெரிசாகப் படவில்லை. தை வரப்போகிறது, பெர்மனென்ட் ஆகப்போகிறது, அவ்வளவுதானே.

படித்தது சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில். பொம்பளப் பிள்ளைகள் மட்டும். பாதிக்கு மேல் எங்களைப் போல இந்துப் பிள்ளைகள்தான். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு கேட்டுக்கொண்டே கோலம் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் போய் பாலன் பிறந்தார் என்று பாடுவோம். ரெண்டும் வாயில் கலந்து வரும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். டிசம்பர் வந்தால் ஒறுத்தல் என்று ஒன்று உண்டு. ஒரு நல்ல காரியம் செய்தால், இல்லை ஆசைப்பட்ட ஒன்றை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால், ஒரு வைக்கோலை எடுத்துக் குடில் தொட்டிலில் போடலாம். பாலன் வந்து படுக்கும்போது மெத்தென்று இருக்கும். நான் கத்தை கத்தையாகப் போடுவேன். அப்போதே எனக்கு என் பெருமைதான் பெருசு. சிஸ்டர் பிலோமினா ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள்தான் எங்கள் வகுப்பு டீச்சர், தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர்கள், குரல் மட்டும் கப்பல் சங்கு மாதிரி. ஏம்மா, பாலன் மூச்சு முட்டிப் போயிருவாரு, கொஞ்சம் மத்த பிள்ளைகளுக்கும் வை என்றார்கள்.

அரைப்பரீட்சை முடிகிற அன்று கிறிஸ்துமஸ் விழா. வகுப்புக்கு ஒரு குடில், போட்டி உண்டு. முந்தியே கொட்டாங்கச்சியில் கேழ்வரகு விதைத்துப் புல் வளர்ப்போம். பழைய சிமெண்டுச் சாக்குத்தாளைக் கசக்கி மை தெளித்தால் மலை. உடைந்த கண்ணாடி குளம். சவுக்குக் கிளையில் கலர்த்தாள் கட்டினால் மரம். நாடகமும் உண்டு. எனக்கு மாதா வேசம் கொடுக்கவே இல்லை, மூன்று வருசமும் ஆடு. கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேடை ஓரத்தில் குனிந்து நிற்க வேண்டும். அந்த ஆட்டையும் நல்லாத்தான் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா வகுப்பிலும் பனிக்குக் கடைப் பஞ்சுதான் போடுவார்கள், கொஞ்சமாக, கிள்ளிக் கிள்ளி. அந்த வருசம் எங்கள் வகுப்பில் அதற்கும் வழியில்லை, அரிசி மாவு தூவலாம் என்று சிஸ்டர் சொன்னதை வீட்டில் வந்து பேச்சுவாக்கில் சொன்னேன். அம்மா, மாவு தூவுனா எறும்புல்லா வரும் என்றாள். அப்பா சாப்பிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவர், சைக்கிளை விட்டு இறங்க முடியாமல் இறங்கினார். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

“என்ன, புள்ளத்தாச்சி கணக்கா வந்து நிக்கிய?”

அப்பா கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைக் கழற்றினார். வயிற்றைச் சுற்றிச் சுற்றிப் பஞ்சு. கழிவுப் பஞ்சுதான் என்றார், ஆனால் பார்த்தால் கழிவு மாதிரி இல்லை, பால் மாதிரி இருந்தது. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன், அவர் நின்ற இடத்திலேயே சுற்றினார், பஞ்சு உரிந்து உரிந்து வந்தது. பனியை நாங்கள் யாரும் பார்த்தது கிடையாது. மலைமேல் மேகம் இறங்குவதுதான் எங்களுக்குத் தெரியும். இது பெரிய தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. மில்லில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் விளக்குத்திரிக்கும் தலையணைக்கும் பஞ்சு கடையிலா வாங்குவார்கள்?

விழா அன்று எங்கள் குடிலைப் பார்த்து மற்ற வகுப்புப் பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். குடில் பார்த்துப் பரிசு சொல்ல வருசா வருசம் ஒரு பெரிய மனுசர் வருவார். அந்த வருசம் வந்தது அப்பா வேலை பார்த்த மில்லின் மேனேஜர். இது எனக்கு அவர் காரை விட்டு இறங்கியபோதுதான் தெரியும். கூட்டத்தில் அம்மா இருந்தாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும்.

சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் ஒரு பழக்கம். யார் எது கொடுத்தாலும் மைக்கில் பேர் சொல்லி நன்றி சொல்வார்கள். வாழை மரம் கொடுத்தவர், பந்தல் கயிறு கொடுத்தவர், வைக்கோல் கொடுத்த பால்காரர், ஒருத்தரையும் விட மாட்டார்கள். விட்டால் அது பாவம் மாதிரி. சிஸ்டர் பிலோமினா எழுந்து, கப்பல் சங்குக் குரலில் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்து, “எட்டாம் வகுப்புக் குடிலுக்கு வெள்ளை வெளேர் என்று பனியை மில்லிலிருந்தே கொண்டுவந்து கொடுத்த தொழிலாளர் திரு. சுப்பையா அவர்களுக்கும் நன்றி” என்றார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் கம்பளிக்குள்ளிருந்து தட்டினேன்.

மேனேஜர் எழுந்து வந்தார். பஞ்சில் கொஞ்சம் கிள்ளி, ரெண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து இழுத்துப் பார்த்தார். பஞ்சுத் தொழிலில் இருக்கிறவர்கள் அப்படித்தான் இழை நீளம் பார்ப்பார்கள். இன்றைக்கு நானும் அப்படிப் பார்த்து, இது எந்த ஊர்ப் பஞ்சு என்று சொல்லுவேன். பார்த்துவிட்டுக் கையைத் தட்டிவிட்டார். எட்டாம் வகுப்புக்கே முதல் பரிசு என்றார். பால்கோவா டப்பாவை வாங்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அப்பா எப்போதும் போல வேலைக்குப் போனார். அம்மா அவரிடம் முந்தின ராத்திரியே எல்லாம் சொல்லியிருந்தாள். அவர் சைக்கிளுக்குக் காற்று மட்டும் அடித்தார். அவர் தலை மறைந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

“இப்பிடி மைக்குல சொல்லிட்டியளே சிஸ்டர். அவிய வேலை போயிட்டா நாங்க என்ன செய்வோம்?”

சிஸ்டருக்கு முதலில் புரியவில்லை. மில்லில் கேட்டு வாங்கி வந்தது என்றே நினைத்திருந்தார்கள். புரிந்ததும் முகம் வெளுத்துப்போனது. சிலுவையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு நேரே போய் எங்கள் குடிலில் இருந்த பஞ்சை எல்லாம் எடுக்க ஆரம்பித்தார்கள். வைக்கோலை ஊதி ஊதி, மையை நகத்தால் சுரண்டி, சுத்தமாக ஒரு சாக்கில் கட்டினார்கள். எடுத்ததை எடுத்த இடத்தில் கொடுத்துவிட்டால் ஒன்றும் வராதும்மா, நான் பேசிக்கிறேன் என்றார்கள். அம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சிஸ்டர் சொன்னால் அது சரியாகத்தானே இருக்கும்.

டவுன் பஸ்ஸில் சிஸ்டரும் நானும் போனோம். சாக்கு பெருசு, மடியில் வைத்தால் எதிரே இருப்பது தெரியாது. கண்டக்டர் வந்து, சிஸ்டர் இதுக்கு லக்கேஜ் போடணும், என்ன இருக்கு உள்ள என்றார். பனி என்றேன் நான். அவர் சாக்கை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் போடாமல் போய்விட்டார். சிஸ்டர் வழி நெடுக ஜெபமாலை உருட்டினார்கள். இன்னொரு கையில் மேனேஜருக்கு ஒரு கேக்.

மில் கேட்டில் ஒரு விதி. உள்ளே போகிற எதுவானாலும் என்ன, எவ்வளவு, யார் மூலமாக என்று பதிந்துவிட்டுத்தான் விடுவார்கள். வாட்ச்மேன் சாக்கைத் தராசில் போட்டார். சிஸ்டர் பொய் சொல்லத் தெரியாதவர்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். உங்கள் பஞ்சு, உங்கள் தொழிலாளி சுப்பையா கொண்டுவந்தது, திருப்பிக் கொடுக்கிறோம், அவரை மன்னித்துவிட வேண்டும். சுற்றிலும் லோடு ஏற்றுகிறவர்கள், கிளார்க்குமார், யூனியன்காரர் ஒருத்தர், எல்லாரும் நின்று கேட்டார்கள். மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். சாக்கைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தார். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

“நீங்க இத அந்தக் குடில்லயே விட்டிருக்கலாமே சிஸ்டர். நான் காலையிலேயே சொல்லி முடிச்சிட்டேன். இப்ப புக்குல பேரோட ஏறிடுச்சு, நான் என்ன செய்ய?”

கேக்கை வாங்கிக்கொண்டார். திரும்பும்போது சிஸ்டர் ஜெபமாலை உருட்டவில்லை. நான் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. ஏன் வரவில்லை என்று இத்தனை வருசத்தில் யோசித்துப் பார்த்திருக்கிறேன், தெரியவில்லை. வயிறு பசித்தது, அது ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் அப்பா வந்தார். கையில் மிக்சர் பொட்டலம். அம்மாவும் நானும் அடுப்படியில் இருந்தோம். வந்ததும் வராததுமாகப் பேச ஆரம்பித்தார். காலையில் மேஸ்திரி கூப்பிட்டு, மேனேஜர் சொல்லச் சொன்னாருலே, இனிமே பாத்து நடந்துக்க, தையில உன் பேரு வரும் என்று சொல்லியிருக்கிறார். மேஸ்திரி கையை ஆட்டியது, மீசையைத் தடவியது, எல்லாவற்றையும் செய்து காட்டினார். “மனுசன்டி அவரு, மனுசன்” என்றார். வெளியே வரும்போது வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்த்தானாம். இன்னைக்கு அவனுக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கோ என்று சொல்லி அதற்கும் சிரித்தார். அப்பா அவ்வளவு பேசுகிற ஆள் இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் மிக்சரில் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் விடியும் வரைக்குமாவது அப்படியே இருக்கட்டும் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். சோற்றைப் போட்டாள்.

மறுநாள் கேட்டிலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதிலிப் பட்டியலில் பேர் இல்லை என்றார்கள். பீஸ் வேண்டாம், பிள்ளை படிக்கட்டும் என்று சிஸ்டர் வீட்டுக்கு வந்து அழுதார்கள். அப்பா அவர்களுக்கு நாற்காலி இரவல் வாங்கி வந்து போட்டார். வேணாம் சிஸ்டர், பீஸ் இல்ல இங்க பிரச்சனை என்றார். அது நிசம், என் கூலி இல்லாமல் அடுப்பு எரியாது. தை முதல் வாரம் நான் தறிக்குப் போனேன். கோடையில் சிஸ்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். நான் ஒரு தறியிலிருந்து ரெண்டு, ரெண்டிலிருந்து ஒரு கூடம், இப்போது மூன்று கூடம். வத்திராயிருப்பு, கூமாப்பட்டியிலிருந்தெல்லாம் என்னிடம் வேலைக்கு ஆள் வருகிறது. யாரும் தூக்கிவிடவில்லை, நானாக ஏறியதுதான்.

அந்த மில்லை மூடி ரொம்ப நாளாகிறது. கொட்டகைகளை இடித்து மனை போட்டு விற்றார்கள். பள்ளிக்கூடத்தில் இப்போது வகுப்புக்கு ஒரு குடில் கிடையாது, வாசலில் ஒரே ஒரு பெரிய குடில், ஆள் வந்து மாட்டிவிட்டுப் போகிறான். மைக்கில் பேர் சொல்கிற பழக்கமும் இல்லை. சிஸ்டர் பிலோமினா காலமானதைப் பிந்தித்தான் கேள்விப்பட்டேன். அம்மா போய்ப் பல வருசம். அப்பா லாரி செட்டில் மூட்டை தூக்கி, அப்படியே போய்ச் சேர்ந்தார். பஞ்சைத் திருப்பிக் கொண்டுபோனதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தச் சாயங்காலம் அவர் சிரித்ததைக் கேட்டவர்களில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.