ஆடு மட்டும் தெளிவாக விழுந்த படம்

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு மாசி மாதத்தில், ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. புளி உலுக்கும் சமயம். வீட்டுக்காரர் ஒடுகத்தூர் போயிருந்தார். நான் தனியாக உட்கார்ந்து புளி ஓடு உடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வாணியம்பாடி பாய் ஒருவர் மகளோடு வந்தார். இருபது வருடமாக எங்கள் ஊருக்கு வந்து புளி வாங்கிப் போனவர். ஆள் பாதியாகியிருந்தார். அடுத்த வாரம் வேலூரில் அவருக்கு ஆபரேஷனாம். அதற்கு முன்னால் மலையை ஒரு தடவை பார்த்துவிட்டு வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வந்திருக்கிறார். மகளுக்கு முப்பது வயது இருக்கும். கழுத்தில் பெரிய கேமரா. பறவைகளைப் படம் எடுக்கிற வேலையாம்.

மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆயா, ஒரு ஒத்தாசை. நான் வளந்தப்புறம் அப்பாவும் நானும் சேந்து இருக்கற படம் ஒண்ணு கூட கெடையாது. போட்டோன்னாலே ஓடிடுவாரு. இன்னிக்குத்தான் சரின்னாரு. போன்ல சார்ஜும் போயிடுச்சு. நீங்க எடுத்துக் குடுக்கறீங்களா?"

நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அந்தக் கேமராவைப் பார்த்தேன். பாய் சிரித்தார். "இருபது வருசமா வந்து போறேன், இந்தம்மா வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. இவுங்களைப் போயி போட்டோ எடுக்கச் சொல்றியே!"

"நீங்க சும்மா இருங்கப்பா. போட்டோ எடுக்க வாய் இன்னாத்துக்கு?" என்று அந்தப் பெண் அவரை அடக்கினாள்.

பிறகு எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். மற்ற கேமராவில் மேலே இருக்கிற பட்டனை அழுத்தினாலே போதுமாம். இவள் பறக்கிற குருவியை எடுப்பதற்காக இதை மாற்றி வைத்திருந்தாள். பின்பக்கத்தில் ஒரு சின்னப் பட்டன். கட்டை விரலால் முதலில் அதை அழுத்த வேண்டும். எதிரே இருக்கிறவர் தெளிவாகிவிட்டால் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். அதற்கப்புறம்தான் மேல் பட்டன். மேல் பட்டன் படத்தை எடுக்கும், அவ்வளவுதான். தெளிவாக்குவது பின்பட்டன்; அதை மறுபடி அழுத்தாவிட்டால், கடைசியாகத் தெளிவாக்கிய இடத்திலேயே நின்றுவிடுமாம்.

தூரத்தில் புளிய மரத்தடியில் கட்டியிருந்த எங்கள் ஆட்டைக் காட்டி எடுக்கச் சொன்னாள். என் விரல் மேல் அவள் விரலை வைத்து அழுத்தினாள். சத்தம் வந்தது. ஆட்டின் படமும் நன்றாக விழுந்தது.

"புரிஞ்சுதா ஆயா? புரியலன்னா சொல்லுங்க, சாதாரணமா மாத்திக் குடுத்துடறேன். ஒரு நிமிசம்தான்."

அவள் விரல் வைத்ததால்தான் ஆடு விழுந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பாய் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சொன்ன பிறகும் விளங்கவில்லை என்றால் இந்தக் கிழவிக்கு மண்டையில் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுவார்களே என்று, புரிந்தது என்று தலையாட்டினேன்.

இரண்டு பேரும் எனக்குப் பத்தடி முன்னால், ஆடு பின்னால் தெரிய, பாறையில் உட்கார்ந்தார்கள். கேமரா கனம். கீழே போட்டுவிடக் கூடாதே என்று, நிறைகுடத்தை ஏந்துவது போல இரண்டு கையாலும் அடியில் ஏந்திக்கொண்டேன். கட்டை விரல் அடிப்பக்கம் போய்விட்டது. ஓட்டை வழியாகப் பார்த்தால் அவர்கள் இரண்டு பேரும் மங்கல். என் கண்தான் இப்படி என்று நினைத்து, கேமராவுக்கு மேலாக அவர்களைப் பார்த்தபடியே மேல் பட்டனை நாலு தடவை அழுத்தினேன்.

நாலு தடவையும் அந்தச் சத்தம் வரவில்லை. அது எனக்குத் தெரிந்தது.

அதற்குள் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவள் ஓடிவந்து கேமராவை வாங்கி, பின்பக்கம் படம் தெரிகிற சின்னக் கண்ணாடியை வெயிலில் ஒரு பார்வை பார்த்தாள். "சூப்பர் ஆயா" என்றாள். சத்தம் வரவில்லை கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். பாய் எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நான் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது.

ஐப்பசியில் சாமை அறுக்கும்போது அந்தப் பெண் தனியாக வந்தாள். "அப்பா போயிட்டாரு ஆயா. ஆஸ்பத்திரியிலருந்து வூட்டுக்கே வரல" என்றாள். பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். பின்னால் எங்கள் ஆடு, அதன் முடி ஒவ்வொன்றாக எண்ணலாம் போலத் தெளிவாக நின்றது. முன்னால் புகை மாதிரி இரண்டு உருவம். பாய்க்குக் கண் எது, வாய் எது என்றே தெரியவில்லை.

"நாலும் இப்படித்தான். கேமரா ரிப்பேர்னு நெனச்சுக் கடையில காட்டினேன். நல்லாத்தான் இருக்குதுன்னுட்டாங்க. என் தப்புதான் ஆயா. மாத்திக் குடுத்திருக்கணும். தெனம் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

பேசாமல் இருந்திருக்கலாம். அந்தப் பழியை அவளே சுமந்துகொண்டு போயிருப்பாள். அரிவாளைக் கீழே வைத்தேன்.

"உன் தப்பு இல்ல கண்ணு. அன்னிக்கு எனக்குப் புரியல. வெட்கப்பட்டுக்கிட்டு தலையாட்டிட்டேன். சத்தம் வரலன்னு எனக்கு அப்பவே தெரியும். சொல்லல."

அவள் என்னையே பார்த்தாள். "சொல்லியிருந்தா பஸ்ஸைக்கூட நிறுத்தச் சொல்லியிருப்பேனே ஆயா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. வரப்பில் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிறகு அவளாகவே கேட்டாள்: "நான் கேமராவைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பா எப்படி இருந்தாருன்னு எனக்குத் தெரியாது. நீங்க பாத்தீங்கல்ல?"

பார்த்திருந்தேன். அயல் ஆண்களை நிமிர்ந்து பார்க்காதவள் அன்றைக்குப் பார்த்திருந்தேன். சொன்னேன்: முதலில் விறைப்பாக முன்னால் பார்த்தார். பிறகு காற்றில் விலகிய உன் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தார். கடைசியில் உன் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது.

"இன்னா சொன்னாரு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நல்லதாக எதையாவது சொல்லி அனுப்பலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அவள் நம்பியிருப்பாள்.

"தெரியல கண்ணு. எனக்குக் கேக்கல" என்றேன்.

அவள் அழுதாள். நான் கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "வர்றேன் ஆயா" என்றாள். அதற்குப் பிறகு வரவில்லை. படத்தை என்னிடமே விட்டுப் போயிருந்தாள்.

இப்போது ஆஸ்பத்திரியிலோ ரேஷன் கடையிலோ யாராவது "புரிஞ்சுதா?" என்று கேட்டால், "புரியல, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்கிறேன். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் நான் பயந்து விழுங்கிய ஒரு வார்த்தையால் ஒரு பெண்ணுக்கு அவள் அப்பாவின் கடைசி முகம் இல்லாமல் போயிற்றே, அதை நினைக்கும்போது இந்தச் சலிப்பெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே தெரிவதில்லை.