பெயரை மட்டும் மாற்றினால் போதுமாம்!

“ஆணோ பெண்ணோ, ஐயா?”

நல்லூர்ப் பக்கம் ஒரு அச்சகம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு முதலாளி கேட்ட முதல் கேள்வி இது.

“பெண். என்ரை அக்கா.”

“அப்ப பிரச்சினையில்லை. இங்கிலிஷ் பக்கம் எங்களிட்டை ரெடியா இருக்கு. ஆம்பிளையளுக்கு ஒண்டு, பொம்பிளையளுக்கு ஒண்டு. பேரை மட்டும் மாத்தினால் காணும்.”

நான் அச்சடிக்கப் போனது கல்வெட்டு. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றைக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு, இறந்தவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். அதைத்தான் கல்வெட்டு என்கிறோம். முகப்பில் படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல்... இப்போது கடைசியில் ஒரு ஆங்கிலப் பக்கமும் சேர்ந்துவிட்டது. ஏன்? புலம்ப வேண்டிய பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது!

முதலாளி அந்தப் ‘பொம்பிளையள்’ பக்கத்தைக் கணினியில் திறந்து காட்டினார். நான் எண்ணினேன். (பழைய வாசகர்களுக்குத் தெரியும். கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன், எதைக் கண்டாலும் எண்ணுவேன்.) பன்னிரண்டு வசனங்கள். அக்காவுக்குப் பொருந்தாதது ஒன்றுகூட இல்லை. அடுத்த வீட்டு மனுசிக்குப் பொருந்தாததும் ஒன்றுகூட இல்லை.

“வேண்டாம். நானே எழுதிக்கொண்டு வாறன்.”

“இங்கிலிஷிலையோ?”

அந்த ‘யோ’ இருக்கிறதே... அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா?

“ஓம். இங்கிலிஷிலைதான்.”

சொல்லிவிட்டு உடுப்பிட்டி வீட்டுக்கு பஸ் ஏறினேன். பஸ்ஸில்தான் உறைத்தது. சொல்லிப்போட்டாய், இனி எழுதவேண்டுமே!

எட்டு மாதமாக நான் இணையத்தில் ஆங்கிலம் எழுதப் பழகி வருகிறேன். வயது எழுபத்தாறு. சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். என் மனைவி நாகேஸ் எட்டு மாதமாகச் சிரிக்கிறாள்.

“இஞ்சருங்கோ... சோதினை எழுதிப்போட்டு எங்கை வேலைக்குப் போகப் போறியள்?”

எழுபத்தாறு வயதில் பிரஷர் குளிசை விழுங்கப் பழகலாம், ஊன்றுகோல் பிடிக்கப் பழகலாம், ஆங்கிலம் மட்டும் பழகக்கூடாதா? எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

தொடங்கிய கதை இதுதான். நான் தமிழில் படித்தவன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் ஒரு பாடம், அவ்வளவே. மிச்ச ஆங்கிலமெல்லாம் கச்சேரிக் கடிதங்களில் பொறுக்கியது. அக்காவின் பேத்தி மயூரி கனடாவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஒருநாள் எனக்கு ஆங்கிலத்தில் மெசேஜ் அனுப்பியிருந்தாள். தாத்தா, எப்படி இருக்கிறீர்கள், அப்பம்மா எப்படி இருக்கிறா என்று இரண்டு வரி. நான் பதில் போட்டேன். அதன் தமிழ் இது: ‘தங்கள் செய்தி கிடைக்கப்பெற்றது. விடயப் பொருளாகிய தங்கள் அப்பம்மா நலமாக உள்ளார் என்பதை இத்தால் அறியத்தருகிறேன்.’

பிள்ளை தகப்பனிடம் ஓடியிருக்கிறது. “அப்பா, தாத்தா என்னோடை கோவமோ?”

அன்றைக்குத்தான் தொலைபேசியில் பாடம் தேடினேன். யூடியூப்பில் ஒரு ஆசிரியை, வசனத்தை எழுதிச் சிவப்பு மையால் வெட்டி வெட்டிக் காட்டுவார். பிறகு பிழை திருத்தும் செயலி ஒன்று. எழுதினால் போதும், கீழே கோடு போட்டுவிடும். மூன்றாவதாக ஒரு குழு. அங்கே எல்லோரும் என்னைப்போல ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பழகுகிறவர்கள். இரண்டு பேருடைய எழுத்தைத் திருத்தினால்தான் நம்முடையதை ஒருவர் திருத்துவார். அதுதான் விதி. எனக்கு நல்லாய்ப் பிடித்தது. என் பிழை என் கண்ணுக்குத் தெரியாது, மற்றவனுடைய பிழை மட்டும் பளிச்சென்று தெரியும். நீங்களும் அப்படித்தானே?

சரி, அக்காவுக்கு வருவோம்.

இரண்டு நாள் இருந்து எழுதினேன். இருநூற்றுப் பதினான்கு சொற்கள். செயலி ஒரு கோடுகூடப் போடவில்லை! பெருமையோடு குழுவில் போட்டேன். வியட்நாமில் லான் என்று ஒரு பெண், பல் வைத்தியர். அவர் பதில் எழுதினார்:

‘இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் அக்கா இறந்துவிட்டார் என்று விளங்குகிறது. யார் இறந்தார் என்று விளங்கவில்லை.’

பல் பிடுங்கிப் பழகிய கை அல்லவா? ஊசி போடாமலே பிடுங்கிவிட்டார்.

கோபம் வந்தது. ‘எங்கள் பண்பாட்டில் இறந்தவர்களைப் பற்றி இப்படித்தான் எழுதுவோம்’ என்று அடித்து வைத்தேன். அனுப்பவில்லை. அதற்குமுன் ஒரு சோதனை செய்து பார்த்தேன். அக்காவின் பெயர் யோகம்மா. அதை எடுத்துவிட்டு நாகேசின் பெயரைப் போட்டேன். பொருந்தியது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற அதிபரின் பெயரைப் போட்டேன். பொருந்தியது. கடைசியாக என் பெயரையே போட்டேன்... ஐயோ, நான்கூட அன்பும் அடக்கமும் பொறுமையும் உள்ள மனிதனாகிவிட்டேன்!

அச்சகக்காரருடைய பக்கத்தை வேண்டாம் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்து, அதே பக்கத்தை நானே எழுதியிருக்கிறேன். எட்டு மாதப் படிப்பு!

யோகம் அக்காவில் அடக்கம் எங்கே இருந்தது? அவர் ஏசினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பெயரை மாற்ற முடியாத விஷயங்களை மட்டும் எழுதுவது என்று இருந்தேன்.

அக்கா 304 விளையாடுவார். எங்கள் ஊர்ச் சீட்டாட்டம். நாலு பேர், எதிரெதிரே இருக்கிறவர்கள் ஒரு பக்கம். மொத்தப் புள்ளிகள் முந்நூற்று நாலு, அதனால் அந்தப் பெயர். ஜாக்தான் ராஜாவையும் வெல்லும் சீட்டு. அக்கா ஆடினால் களவு செய்வார். கையில் ஜாக் வந்தால் அவருடைய விரல் காதுத் தோட்டைத் தடவும் என்பது என் நீண்டகாலச் சந்தேகம். நான் எப்போதும் எதிர்ப்பக்கம், எப்போதும் தோற்ற பக்கம். கேட்டால், “காது கடிக்குது, சொறியக்கூடாதோ?” என்பார்.

அக்கா கனடாவுக்கு ஆறு மாத விசாவில் போய், ஏழாவது வாரமே திரும்பி வந்தார். ஏன் என்று கேட்டேன். “அங்கை சண்டை பிடிக்க ஒருத்தரும் இல்லையடா.”

இதையும் எழுதினேன்: சண்டைக் காலத்தில் ஊரே இடம்பெயர்ந்து ஒரு கோயில் மடத்தில் கிடந்தோம். ஷெல் விழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் பிள்ளைகள் வாய்விட்டு அழுதார்கள். அக்கா பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார். சோறு சமைக்க அரிசி இல்லை, இந்த மனுசி சீட்டைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது! பிள்ளைகளை வட்டமாக இருத்தி 304 பழக்கினார். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்று, ‘கள்ளம், கள்ளம்’ என்று கூச்சல். அங்கேயும் களவு செய்திருக்கிறார்.

எழுதிச் செயலியில் போட்டேன். அதுவரை வாய் மூடியிருந்த செயலி இப்போது பதினொரு கோடு போட்டது. நாலு சரியான திருத்தம், மரியாதையாக ஏற்றுக்கொண்டேன். மற்ற ஏழும்? ‘களவு செய்தார்’ என்பதை ‘மகிழ்ச்சியுடன் பங்கேற்றார்’ என்று மாற்றட்டுமா என்றது. ‘ஏசினார்’ என்பதற்கு ‘ஆலோசனை வழங்கினார்’. தொனி கடுமையாக இருக்கிறதாம்! அக்காவின் தொனியை அக்காவின் புருஷனாலேயே திருத்த முடியவில்லை, உன்னால் முடியுமா? ஏழு தரம் ‘நிராகரி’ பொத்தானை அழுத்தினேன். பெருவிரல் நொந்தது. பரவாயில்லை.

லானுக்கும் அனுப்பினேன். ‘இப்போது அவரைக் கண்டேன். எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது’ என்று எழுதினார். இதைவிட நல்ல மதிப்பெண் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்ததில்லை.

செயலியைவிடப் பெரிய ஆள் மருமகன் ரவி. அக்காவின் கடைசி மகன், மயூரியின் தகப்பன். பக்கத்தை அவனுக்கும் அனுப்பியிருந்தேன். வாசித்துவிட்டுக் கனடாவில் இருந்து அழைத்தான்.

“மாமா, என்ன இது? கல்வெட்டிலை அம்மா கள்ளம் விளையாடினவ எண்டோ போடுறது? சனம் என்ன சொல்லும்?”

“சனத்துக்குத் தெரியாததோ? அவவோடை விளையாடித் தோத்த சனம்தானே.”

“பகிடி விடாதேங்கோ. நான் ஏஐயிலை போட்டு வடிவா எழுதி அனுப்பியிருக்கிறன். ஒரு நிமிசம்கூடச் செல்லேல்லை. பாருங்கோ.”

பார்த்தேன். அன்பின் ஊற்று. குடும்பத்தின் தூண். ஆங்கிலம் குறை சொல்ல முடியாத ஆங்கிலம், ஒத்துக்கொள்கிறேன்.

“ரவி, உதிலை கொம்மா எங்கை நிக்கிறா?”

நானே தொடர்ந்தேன்.

“மயூரி உதை வாசிச்சுப்போட்டு ஆரை நினைக்கப் போறாள்? தூணையோ?”

“மாமா... உந்தப் புத்தகம்தான் கடைசியா மிஞ்சப் போகுது. அதிலை அம்மாவைப் பாத்து ஆரும் சிரிக்கக்கூடாது. அவ்வளவுதான்.”

அவனில் பிழை சொல்ல மாட்டேன். தாயைப் பறிகொடுத்தவன், தாய்க்கு ஒரு குறை வரக்கூடாது என்று நினைக்கிறான். ஆனால் தாயே வராமல் போனால்?

“நான் மாத்தமாட்டன், ரவி.”

“அப்ப உங்கடை பேரிலை போடுங்கோ. பிள்ளையள் எழுதினது எண்டு போடாதேங்கோ.”

“போடுறன்.”

போட்டேன். பெரிய எழுத்தில்.

அச்சகத்து முதலாளி என் பக்கத்தை வாசிக்கும்போது, நெற்றிக் கண்ணாடி முதல்தரமாகக் கண்ணுக்கு இறங்கியது.

“ஐயா... இது கல்வெட்டுக்கோ?”

“ஓம். பேரை மாத்திப் பாருங்கோ, வேறை ஆருக்கும் பொருந்துதோ எண்டு.”

அவர் திரும்ப ஒருதரம் வாசித்தார். “என்ரை மாமியாருக்குக் கொஞ்சம் பொருந்தும்” என்றார்.

அந்தியேட்டி அன்று காலை கீரிமலைத் தீர்த்தக்கரையில் கிரியை, மத்தியானம் வீட்டில் சாப்பாடு. ரவி குடும்பத்தோடு வந்திருந்தான். என்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் கதைக்கவில்லை. புத்தகம் கொடுத்தார்கள். நான் ஒரு மூலையில் கதிரை போட்டு, யார் கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்த்துவிட்டு விசிறியாக்கிக்கொண்டவர்கள் ஒன்பது பேர். அதற்குமேல் எண்ண மனம் வரவில்லை.

மயூரி மட்டும் மாமரத்தடியில் நின்று வாசித்தாள். முடித்தாள். திருப்பி முதல் வரிக்குப் போனாள். இடையில் ஒருதரம் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா? என் கண்ணுக்குத் தூரம் தெரியாது. நாகேஸ் என் கையை இடித்தாள், “பேசாமல் இருங்கோ” என்று. நான் பேசவே இல்லை!

மயூரி நேரே என்னிடம் வந்தாள். அவளுடைய தமிழும் என் ஆங்கிலத்தைப் போல ஒவ்வொரு அடியாகத்தான் நடக்கும்.

“தாத்தா... அப்பம்மா எப்பிடிக் கள்ளம் செய்தவ? எனக்குக் காட்டுங்கோ.”

எனக்கு எப்படித் தெரியும்? நான் தோற்ற பக்கம் அல்லவா?

பின்னேரம் ஆட்கள் போனபிறகு சீட்டுக்கட்டு வந்தது. மயூரியும் நாகேசும் ஒரு பக்கம். என் பக்கத்துக்கு ஆள் இல்லை. “ரவி, வா” என்றேன். வாசலில் நின்றவன் தயங்கினான். மகள் கூப்பிட்டாள். வந்து எனக்கு எதிரே இருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம்... மயூரி கேட்டுக்கேட்டு ஆடினாள். மூன்றாவது ஆட்டத்தில் சீட்டைப் பகிர்ந்து முடித்ததும் எதேச்சையாக நிமிர்ந்தேன். ரவி சீட்டை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலது கை மெதுவாக எழும்பிக் காதுக்குப் போனது. தோடு இல்லாத காதுமடலை இரண்டு விரல்கள் தடவின.

நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவன் பார்த்தான்.

அந்தக் கோயில் மடத்தில் அக்காவுக்கு எதிரே, அவருடைய சோடியாக இருந்து இந்தக் களவைப் பழகிய பத்து வயதுப் பொடியன் ரவிதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“மயூரி,” என்றான் ரவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “என்ரை கையைப் பார்.”

அதற்குப் பிறகு நானும் ரவியும் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. செயலிக்கு விருப்பமென்றால், ‘மகிழ்ச்சியுடன் பங்கேற்றோம்’ என்று திருத்திக்கொள்ளட்டும்!