சென்னைக்கு வந்த ஸ்டோர் சாவி

1981 டிசம்பர் 24, பகல் ஒன்றரை மணி. போடிநாயக்கனூர் பஸ் நிலையத்தில் மதுரை பஸ்ஸில் ஏறினோம். நான், மனைவி செல்லம், ஆறாவது படிக்கும் மகள் ராணி. அரையாண்டு லீவில் சென்னையைக் காட்டுகிறேன் என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏலக்காய்த் தோட்டக்காரனுக்கு ஆடியில் தொடங்கும் காய் எடுப்பு தை வரைக்கும் ஓடும். அவன் எங்கே லீவு எடுப்பது? இந்த வருஷம் செல்லம் என்னைக் கேட்கவே இல்லை. மதுரைக்கு ஆள் அனுப்பி ரயில் டிக்கெட்டை வாங்கிவிட்டாள். மார்கழிக் குளிருக்கு மூன்று கம்பளியும் இரண்டு ஸ்வெட்டரும் பெட்டியில் இருந்தன. புத்தாண்டு அன்று திரும்புவதாகத் திட்டம்.

முந்தின நாள் மாலை வரை நான் மலையில்தான் இருந்தேன். தோட்டம் போடிமெட்டைத் தாண்டி நாலு மைல். அன்று பறித்த பச்சைக் காயை ஸ்டோரில் பரப்பியாயிற்று. ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது காய் உலர்த்தும் கட்டடத்தை. வெளியே அடுப்பில் விறகு எரியும், அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக அறைக்குள் ஓடும். முதல் ராத்திரி காயைச் சும்மா விடலாம். விடிந்ததிலிருந்து இரண்டு மணிக்கு ஒரு தரம் உள்ளே போய்க் கிளற வேண்டும். கிளறாவிட்டால் கீழே கருகும், மேலே புழுங்கும், பச்சை நிறம் போய்விடும். நிறம் போன காயை மண்டியில் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள்.

அந்தச் சோலியைப் பார்ப்பவர் கங்காணி சுருளி. பதினோரு வருஷமாக எங்களிடம் இருக்கிறார். ஸ்டோர் சாவி எப்போதும் கதவு நிலையில் ஆணியில் தொங்கும். அந்த ஐப்பசியில் காய்ந்த காய் நான் போட்ட கணக்குக்குக் குறைந்தது. நான் சுருளியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போடிக் கடைத்தெருவில் பெரிய பூட்டு ஒன்று வாங்கி மாட்டி, சாவியை என் பச்சை பெல்ட்டின் பையில் வைத்துக்கொண்டேன். பூட்டைப் பார்த்துவிட்டு அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மதுரையில் ஐந்து மணிக்கு இறங்கி, இட்லி சாப்பிட்டு, ரயில் ஏறினோம். மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு எழும்பூர். கம்பளியைச் சுமந்துகொண்டு இறங்கினால் வேர்த்துக் கொட்டுகிறது. ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜில் முப்பத்தைந்து ரூபாய்க்கு அறை கிடைத்தது. குளிப்பதற்காக பெல்ட்டை அவிழ்த்தேன். பெல்ட்டுப் பையில் ஸ்டோர் சாவி இருந்தது.

அதை முந்தின நாள் காலை ஜீப்பில் மலைக்குக் கொடுத்தனுப்பியிருக்க வேண்டும். கம்பளிக்கும் பெட்டிக்கும் நடுவே மறந்துபோனேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன ஆச்சு?" என்றாள் செல்லம். சாவியைக் காட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"மடியில கனமிருந்தாத்தான் வழியில பயம்னு சொல்லுவாக. சுருளியண்ணனுக்குப் பூட்டு போட்டீகள்ல, அனுபவிங்க."

கிறிஸ்துமஸ் என்பதால் தபாலாபீஸ் மூடியிருந்தது. லாட்ஜ் போனில் ஏழரைக்குப் போடிக்கு டிரங்கால் பதிவு செய்தேன். மானேஜர் பத்து மணிக்கு, "உக்காருங்க சார், வரும்" என்றார். பதினொன்றுக்கும் அதையேதான் சொன்னார். மாடிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பதினொன்று நாற்பதுக்கு லைன் கிடைத்தது. போடியில் எங்கள் காய் போகும் மண்டிக்காரர் இபுராகிம் பாய் எடுத்தார்.

"பாய், ஸ்டோர் சாவி எங்கிட்ட இருக்கு. ஜீப்புல வெரசா ஆள் அனுப்பி, பூட்டை உடைக்கச் சொல்லுங்க."

"சொல்லிவிடுறேன் மாப்ளே. ஆனா அந்த ஸ்டோருக்கு எதுக்குப் பூட்டு?"

ஐப்பசியில் காய் குறைந்த விஷயத்தைச் சொன்னேன். பாய் சொன்னார்: "ஐப்பசி மழைக் காய் யாருக்குத்தான் குறையல? தண்ணியைக் குடிச்ச காய் பச்சையில எடை காட்டும், காஞ்சா காட்டாது. எனக்கு வந்த லோடு எல்லாமே அப்படித்தான். இது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். இருபது வருஷமாகத் தெரியும். அந்த வாரம் மட்டும் தெரியாமல் போயிற்று.

26ஆம் தேதி சென்னை பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். மியூசியத்தில் ராணி திமிங்கல எலும்பின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். எனக்கு அந்த விலா எலும்புகள் ஸ்டோர் கூரைச் சட்டங்களாகத் தெரிந்தன. காபி குடித்த இடத்துக்குப் பக்கத்து மளிகையில் ஒரு ரூபாய்க்கு ஏலக்காய்ப் பொட்டலம் தொங்கியது. வாங்கி ஒரு காயைக் கடித்தேன்.

"போன வருசத்துக் காய்ய்யா இது. வெயில்ல போட்டு வெளுத்திருக்கு."

"வேணான்னா வச்சுட்டுப் போ சார்" என்றார் கடைக்காரர். செல்லம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பகல் இரண்டுக்கு மறுபடி டிரங்கால். ஜீப்பில் சொல்லிவிட்டாயிற்று, மலையிலிருந்து பதில் இல்லை என்றார் பாய்.

நாலு மணிக்கு ஆட்டோவில் மெரினா. மீட்டர் நாலரை காட்டியது, டிரைவர் ஆறு கேட்டார். நான் பேசாமல் கொடுத்ததும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "இன்னா சார், உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றார்.

செல்லம் கடலை முதல் தடவையாகப் பார்த்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்தாள். ஏழு வருஷம் காத்திருந்த சிரிப்பு. நான் பக்கத்தில் நின்று மேற்கே மேகம் கட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி என்னைப் பார்த்தவள் கரையேறிவிட்டாள்.

"நாளைக்கே கெளம்புவோம். ஒடம்பு இங்கயும் உசுரு அங்கயுமா ஒரு மனுசன பக்கத்துல வச்சுக்கிட்டு என்னத்தப் பாக்க."

"இல்ல செல்லம், இன்னும் நாலு நாள்..."

"காய்க்காகத்தான் தவிக்கிறீகன்னா இருப்போம். காய்க்காகவா?"

காய் கருகினால் ஒரு எடுப்புதான் போகும். சுருளி அந்தப் பூட்டின் முன்னால் நின்றுகொண்டு என்ன நினைப்பார் என்பதுதான் என்னை உட்காரவிடாமல் அடித்தது. மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று ராணி அழுதாள். அவளுக்கு ஒரு தகர விமானம் வாங்கிக் கொடுத்தேன். அதை அவள் ஊர் வரும்வரை பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

27ஆம் தேதி மாலை ரயில். ரிசர்வேஷன் கிடையாது, எங்கள் துணிப்பெட்டியின் மேல்தான் உட்கார்ந்து வந்தோம். 28 காலை மதுரை, பதினொன்றுக்குப் போடி. செல்லத்தையும் ராணியையும் வீட்டில் விட்டுவிட்டு, தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். மெட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குளிர் கூடியது. கம்பளி வீட்டில் இருந்தது.

தோட்டத்தில் இறங்கி ஓடினேன். ஸ்டோர் கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. அடுப்பு அணைந்திருந்தது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். கூரையின் மேல் சுத்தியல் சத்தம் கேட்டது. சுருளி ஒரு தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"காய் காஞ்சிருச்சு மொதலாளி. நெறம் குறையல. தொறந்து பாருங்க."

"பூட்டை உடைக்கச் சொல்லிவிட்டேனே சுருளியண்ணே?"

"சொன்னாக. அதுக்கு முந்தின நாளே தகரத்தப் பிரிச்சு எறங்கிட்டேன். பதினோரு வருசத்துக்கு முந்தி நான் அடிச்ச தகரம், பிரிச்சா திருப்பி அடிச்சுக்கலாம். பூட்டை உடைச்சா ஒட்டவைக்க முடியாதுல்ல."

அவர் ஏணியில் இறங்கி வருவதற்குள், காய் பறிக்கும் வேலாயி ஆத்தா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "ஒவ்வொரு தடவையும் சட்டை வேட்டியை எங்க கையில குடுத்துட்டு, கோவணத்தோட எறங்குவாரு கங்காணி. மேல வந்ததும் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுவாரு. ‘நல்லாப் பாத்துக்கங்க, நாளைக்கு யாரும் கேட்டா சொல்லணும்'னு. இந்தப் பனியில, ரெண்டு நாளா."

சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். ஏலக்காய் வாசம் முகத்தில் அடித்தது. தட்டு நிறைய இளம்பச்சை. ஒரு காய் கருகவில்லை. "ஐப்பசிக் காய் குறைஞ்சது மழையாலதான், எம் மேலதான் தப்பு" என்றேன். "அதுக்கென்ன மொதலாளி" என்றார். சாவியை நீட்டினேன், வாங்கவில்லை. "உள்ள வாங்கண்ணே" என்றேன்.

சுருளி சட்டையைக் கழற்றினார். வெளியே, முன்பு சாவி தொங்கிய அந்த ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தார்.

பூட்டை அன்றைக்கே பள்ளத்தில் வீசிவிட்டேன். சென்னைக்குப் போய்த் திரும்ப எங்களுக்கு ஐந்து நாள் ஆயிற்று. சுருளி சட்டையோடு அந்த வாசலைத் தாண்டி வர இரண்டு வருஷம் ஆயிற்று.