கேஸை மூடினேனா?

கேஸை மூடினோமா இல்லையா என்று என் அம்மா மறந்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. அதுவும் ஊரே சூரிய கிரகணத்துக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்ட காலையில். இதை நான் ஸ்கூல் வேனில், ட்யூஷனில் என்று ஒரு இடம் பாக்கி வைக்காமல் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு என்னவோ எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், ஷீட் போட்ட போர்ஷனில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. அம்மா நிறை வயிற்றோடு இருந்தாள். தங்கச்சி வேண்டும் என்று கோயிலில் ஒரு சந்நிதி விடாமல் நச்சரித்தவள் நான்தான். ஆகவே அந்தக் குழந்தை பாதி எனக்குச் சொந்தம் என்கிற நினைப்பு எனக்கு.

திருச்சியில் சூரியன் வளையமாகத் தெரியப்போகிறது என்று டிவியில் சொல்லச் சொல்ல, துறையூர் அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பாவின் அக்கா அவள். அவள் சொன்னால் அப்பா மறுபேச்சுப் பேச மாட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"புள்ளத்தாச்சிய அந்த ஓட்டை ஷீட்டுக்கு அடியில வைக்காதடா. ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் குழந்தைக்கு உதடு பிளந்துடும். இங்க அனுப்பு. சாமான் ரூம்ல இருக்கட்டும், போன தடவை மாதிரி."

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா அதையே திரும்பத் திரும்பக் களைந்தாள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். ஆணி அடித்த இடமெல்லாம் ஷீட்டில் ஓட்டை. தினமும் வெயில் அதன் வழியே விழுந்து, தரையில் காசு இறைத்த மாதிரி கிடக்கும். அந்த வட்டங்களை மிதிக்காமல் தாண்டுவது எனக்கு விளையாட்டு. அன்று ராத்திரி ஒவ்வொரு ஓட்டையும் என் தங்கச்சியைக் குறிவைத்துப் பார்ப்பது போலிருந்தது. தூக்கமே இல்லை.

விடியற்காலையில் அப்பா டியூட்டிக்குப் போய்விட்டார். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் டோல்கேட் போய்த் துறையூர் பஸ் ஏற ஆட்டோ சொல்லியிருந்தார். கிளம்பும்போது நான் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு அம்மா பக்கத்திலேயே நின்றேன். அவள் குனிய முடியாமல் குனிந்து, சிலிண்டர் ரெகுலேட்டரைத் திருப்பினாள். டக் என்று சத்தம் கேட்டது.

ஆட்டோ கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஐயோ, கேஸை மூடினேனாடி?"

"மூடினியேம்மா. நான் பாத்தேனே."

"நல்லாப் பாத்தியா?"

அப்படி அவள் என் கண்ணையே பார்த்துக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பார்த்தேனா? சத்தம்தானே கேட்டது? அது பூட்டுச் சத்தமாகக்கூட இருக்கலாமே? வீடு வெடிப்பது கண்ணில் தெரிந்தது.

"தெரியலம்மா" என்றேன்.

"தம்பி, ஆட்டோவைத் திருப்புப்பா" என்றாள் அம்மா, நான் சொல்லி முடிப்பதற்குள்.

கேஸ் மூடித்தான் இருந்தது. அம்மா ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நிதானமாக ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். கீழே ஆட்டோக்காரர், "இன்னொரு நடைக்கு ஆகாதுக்கா. கிரகணத்துக்குள்ள நானும் வீடு போய்ச் சேரணும்" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார். தெருவில் வேறு வண்டியும் இல்லை.

விஷயம் தெரிந்ததும் அத்தை போனில் கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது. கடைசியில் என்னைக் கூப்பிட்டாள். "உங்கம்மாவுக்குப் புத்தி மழுங்கிப் போச்சு. நீதான் பாத்துக்கணும். மூலையில படுக்க வச்சு மூடு. வெளிச்சம் படவே கூடாது. பட்டுச்சுன்னா உன்னாலதான்."

என்னாலதான்! ஜன்னலைச் சாத்தினேன். கட்டிலில் இருந்த போர்வை, மேஜை விரிப்பு, அப்பாவின் லுங்கி எல்லாவற்றையும் அம்மா மேல் போட்டேன். "புழுங்குதுடி" என்று அவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பரணிலிருந்து குடையை எடுத்து விரித்து, அவள் வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குள் குடை பிடித்து நின்றவள் திருச்சி ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்புறம் தரையைப் பார்த்தேன். வட்டங்கள் வட்டமாக இல்லை. யாரோ கடித்துத் துப்பின மாதிரி எல்லாமே பிறையாகியிருந்தன. தரையில், சுவரில், என் ஸ்கூல் பையில், எங்கே பார்த்தாலும் பிறை. அறை மங்கிக்கொண்டே வந்தது. காக்கைச் சத்தம் நின்றுபோனது.

"அம்மா, பாக்காத! கண்ண மூடிக்க!"

அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பிறைகளின் முனைகள் வளைந்து வளைந்து ஒன்றோடொன்று தொட்டன. சட்டென்று வீடு முழுக்க வளையங்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒன்று, நடுவில் இருட்டோடு, சுற்றிலும் பொன் கம்பி வைத்தது போல. சிலிண்டர் மேல்கூட ஒன்று. குடை என் கையிலிருந்து நழுவி விழுந்தது. விழுந்த கணமே அம்மாவின் வயிற்றில், சேலைக்கு மேல், ஒரு வளையம் வந்து உட்கார்ந்தது.

நான் அலறிக்கொண்டு அதைக் கையால் பொத்தினேன். வளையம் என் புறங்கையில் ஏறிக்கொண்டது. சுடும் என்று நினைத்தேன். சுடவில்லை. கைக்கு மேலே அது அசையாமல் இருந்தது. கைக்குக் கீழே என் தங்கச்சி ஓங்கி ஓர் உதை விட்டாள்.

அம்மா அழுதுகொண்டிருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"பயப்படாதம்மா, நான் மறைச்சுக்கறேன்."

அவள் என் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இவ்வளவுதானாடி இது? இவ்வளவு அழகாவா இருக்கும்?" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் வளையங்கள் ஒரு பக்கம் விட்டுப்போய்ப் பழையபடி பிறைகளாயின.

தங்கச்சி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நான் முதலில் பார்த்தது அவள் உதட்டைத்தான். ஈரமாக, சின்னதாக, முழுசாக இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

போன வருஷம் அத்தை மகள் கல்யாணத்துக்குத் துறையூர் போயிருந்தோம். தாம்பாளம் எடுத்து வரச் சொன்னார்கள். அம்மா சாமான் அறை வாசல் வரை வந்து நின்றுவிட்டு, "நீயே எடுத்துட்டு வா" என்று என்னை அனுப்பினாள். ஜன்னல் இல்லாத அறை. மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆள் கால் மடக்கி உட்காரலாம். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும் இருந்தது. பின்னால் வந்த அத்தை, பந்திக்கு இலை எண்ணுகிற குரலில் சொன்னாள்.

"நீ கைக்குழந்தையா இருந்தப்ப, உங்கம்மா அடுத்ததை வயித்துல வச்சிருந்தா. அப்ப வந்த கிரகணத்துக்கு இங்கதான் வச்சுப் பூட்டினோம். பச்சத் தண்ணி குடுக்கல, கதவத் தட்டித் தட்டி ஓஞ்சா. எல்லாம் முறையாத்தான் செஞ்சோம். அப்படியும் அது தங்கல."

தாம்பாளத்தோடு நான் அங்கேயே நின்றுவிட்டேன். ரெகுலேட்டர் டக் என்று மூடியது காதில் கேட்டது. அம்மா எதையும் மறக்கவில்லை. பாலத்தின் மேல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பாத்தியா?" என்று அவள் கேட்டபோது, நான் மட்டும் "சத்தியமாப் பாத்தேன்" என்று அடித்துச் சொல்லியிருந்தால், ஆட்டோ துறையூர்ப் பஸ்ஸுக்குத்தான் போயிருக்கும்.