மூன்று விநாடிக் கைதட்டல்

ஒரு பங்க் ராக் பாடகனின் மேடைக் கச்சேரிகளைப் பதிவுசெய்து சேர்ப்பதுதான் எங்கள் எட்டுப் பேரின் பைத்தியம். சிலாபம் பக்கத்து ஆள். தமிழிலும் சிங்களத்திலும் தொண்டை கிழியக் கத்துவான். ஸ்டூடியோவில் பாடியதை யாரும் கேட்கலாம். எங்களுக்கு வேண்டியது கிற்றார் கம்பி அறுந்த நாள், ஒலிபெருக்கி செத்துப்போன நாள், பாட்டை நிறுத்திவிட்டு அவன் யாரையாவது ஏசிய நாள். எங்களுக்குள் பேசிக்கொள்ளப் போனில் ஒரு குழு; பதிவுகளை நான் ஆளாளுக்கு மெமரி காட்டில் ஏற்றிக் கொடுப்பேன். குழுவுக்குப் பொறுப்பு நான். மாம்புரியில் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறவனுக்கு வேறெங்கே அதிகாரம் கிடைக்கும்? அதை நன்றாகவே ருசித்தேன்.

நல்ல பதிவுகளெல்லாம் கரைத்தீவில் த்ரீவீலர் ஓட்டும் கூட்டாளி ஒருவனால் வந்தவை. சின்ன மைக்கைத் தொப்பிக்குள் வைத்துத் தைத்திருப்பான். முன்வரிசையில் எல்லோரும் குதித்து முட்டி மோதும்போது அவன் மட்டும் நட்ட கம்பு மாதிரி நிற்பான். விலாவில் முழங்கை இடிக்கும், காலை மிதிப்பார்கள்; தலை அசையாது. அந்தப் பாட்டுகளில் எங்கள் எல்லோரையும்விட அவனுக்குத்தான் பைத்தியம் கூட. ஆனால் ஒருநாள்கூட அவன் குதித்ததில்லை. நான் பக்கத்தில் ஆசைதீரக் குதித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பதிவைச் சீராக்கி, என் வேலை என்று பெருமையடிப்பேன்.

பதிவை யாராவது வெளியே விட்டால் ஆளைப் பிடிப்பதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தேன். ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் பிரதியில் ஒவ்வோர் இடத்தில் கைதட்டலைக் கொஞ்சம் வெட்டிவிடுவேன். இது எனக்கு மட்டும்தான் தெரியும். கரைத்தீவுக் கூட்டாளியின் பிரதியில் நாலாவது பாட்டுக்குப் பிறகு மூன்று விநாடி இருக்காது. ஓம், அவனுக்கும் அடையாளம் வைத்தேன். அவனே பதிவுசெய்து தந்ததில்.

கற்பிட்டிக் கடற்கரையில் ஒரு ஹோட்டல் வளவுக்குள் நடந்த கச்சேரியில், கரையை வேலி போட்டு அடைத்த ஒரு பெரிய மனிதனைப் பாடகன் பெயர் சொல்லி நாறடித்தான். முடிந்ததும் எங்களிடம் வந்து, "இத வெளிய விட்றாதீங்கடா, எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு" என்றான். எட்டுப் பேரும் தலையாட்டினோம். இரண்டு மாதம் போக, பெயரில்லாத ஒரு கணக்கில் முழுக் கச்சேரியும் இணையத்தில் கிடந்தது. நான் நாலாவது பாட்டுக்குத்தான் ஓடினேன். மூன்று விநாடி இல்லை.

உண்மையைச் சொல்வதென்றால், எனக்குக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. என் தந்திரம் வேலைசெய்துவிட்டது! புத்தளத்தில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு எல்லோரையும் வரச்சொல்லி, இணையத்தில் வந்ததையும் அவன் பிரதியையும் அவன் முன்னாலேயே போட்டு, கைதட்டலை வெட்டிய இடத்தைக் காட்டினேன்.

"வல்லாஹி, நான் போடல்ல மச்சான்" என்றான்.

"சத்தியம் பண்ற வாயால உண்மையச் சொல்லு" என்றேன். ஒருவன் சிரித்தான். சிரிப்பு கிடைத்ததும் எனக்கு இன்னும் ஏறியது. அவன் போனை வாங்கி எல்லாப் பதிவுகளையும் அவன் விரலாலேயே அழிக்கவைத்தேன். ஐந்து வருடம் அசையாமல் நின்று எடுத்தவை. கடைசிப் பதிவின் மேல் விரலை வைத்துக்கொண்டு தயங்கினான், "கள்ளனுக்குத்தான் விரல் ஓடாது" என்றேன். தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. குழுவிலிருந்து நீக்கினேன். அடுத்த கச்சேரி வாசலில் அவனைக் கண்ட நம்மவர்கள் "கள்ளன் வாறான்" என்று சத்தமாகச் சொன்னார்கள். உள்ளே வராமல் திரும்பிப் போனான்.

ஒரு வருடம் கழித்து, சிலாபத்தில் ஒரு கச்சேரி முடிந்து பாடகனிடம் கதைத்துக்கொண்டிருந்தேன். "அந்தக் கற்பிட்டிக் கச்சேரிய நான்தான் போட்டன்" என்றான் சாதாரணமாக. "எத்தன நாளைக்கு நானும் பயந்து கிடக்கிற? நீ தந்த மெமரி காட்லதான் இருந்திச்சு."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கூட்டாளிக்கென்று நாலாவது பாட்டில் வெட்டி வைத்திருந்த மெமரி காட்டைத்தான், வழியில் பாடகனைக் கண்ட சந்தோஷப் புளுகத்தில் அவனிடம் நீட்டியிருந்தேன். வீட்டுக்குப் போய் அதே பிரதியைக் கூட்டாளிக்கு இன்னொரு காட்டில் ஏற்றிக் கொடுத்தேன். பாடகனைச் சந்தேகப்பட நமக்கு ஏன் தோன்றப்போகிறது?

மறுநாள் காலை கரைத்தீவுக்குப் போனேன். த்ரீவீலரைக் கழுவிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"குழுவில சொல்லு மச்சான்" என்றான். "எனக்கு வேற ஒண்டும் வாணாம்."

சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். பஸ்ஸில் இருந்து நாலு தரம் எழுதினேன். "பிழை என்னுடையது" என்ற இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தரமும் அழித்தேன். கடைசியில் அவனைக் குழுவில் திரும்பச் சேர்த்து இப்படிப் போட்டேன்: "நடந்தது நடந்துவிட்டது. அவனை மன்னித்து மறுபடி சேர்த்துக்கொள்வோம்."

ஒரு நிமிடத்துக்குள் கும்பிடு கைகளும் இதயங்களும் வந்து குவிந்தன. "உங்கட பெரிய மனசு அண்ணன்" என்று ஒருவன் எழுதினான். அன்றைக்குத் தேத்தண்ணிக் கடையில் சிரித்தவன்.

கூட்டாளி அதைப் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. கொஞ்ச நேரத்தில் அவனாகவே வெளியேறினான். "பாத்தீங்களா, திருந்தவே மாட்டான்" என்றான் மற்றொருவன். அதற்கு நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டேன்.